வீட்டு வாசலும் கைப்பேசி வாசலும்



புதுவை நகரில் நேரு வீதிக்கும் அரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே, நம் மக்கள் 'பெரிய மார்க்கெட்' என்று அழைக்கும் அங்காடி அமைந்துள்ளது. புதுவையின் முதல் முதலமைச்சராய் விளங்கிய எதுவார் குபேரின் பெயரால் அது குபேர் அங்காடி என்று ஏடுகளில் குறிக்கப்பெற்றாலும், பெரிய மார்க்கெட் என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் விளங்கும். பூவும் காயும் கனியும் மீனும் மளிகையும் குவிந்து கிடக்கும் அவ்விடத்திற்குத் தம் பிள்ளைகளை முதன்முதலாய் அழைத்துச் செல்லும் தாய்மார், உள்ளே நுழையுமுன் சில அறிவுரைகளைச் சொல்லுவது வழக்கம். "கையை விடாதே, தெரியாதவர் கூப்பிட்டால் போகாதே, பணப்பையை எல்லார் முன்னும் திறக்காதே, எவ்வளவு பணம் கொண்டு வந்திருக்கிறோம் என்று உரக்கச் சொல்லாதே." இவற்றை எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. பாட்டி தாய்க்கும், தாய் மகளுக்கும் சொல்லி வந்த குடும்ப அறிவு இது. சுருக்குப்பையை இடுப்பில் செருகி, அதன்மேல் முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்ட நம் பாட்டிமார் எவரையும் சந்தேகக் கண்கொண்டு பார்த்தவரல்லர். ஆயினும் கூட்டம் என்றால் என்ன என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று அதே அங்காடியில் பூக்காரம்மாளின் கூடையருகே கறுப்பும் வெளுப்புமான கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டை தொங்குகிறது. 2016-ஆம் ஆண்டில் வந்த யூ.பி.ஐ. என்னும் முறையினால் பத்து ரூபாய் கனகாம்பரத்திற்கும் கைப்பேசி வழியே பணம் செலுத்த இயலுகிறது. சில்லறைத் தொல்லை ஒழிந்தது. கடன் சொல்லிப் போவோர் குறைந்தனர். பகல் முழுதும் ஈட்டிய பணத்தை இரவில் மடியில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டிய அச்சமும் தணிந்தது. இந்நன்மைகளை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் சுருக்குப்பைக்கென நம் முன்னோர் வகுத்துத் தந்த எச்சரிக்கை, கைப்பேசிக்கென இன்னும் நம் வீடுகளில் உருவாகவில்லை. பணப்பையைப் பிறர் கையில் கொடுக்காத பெரியவர், கைப்பேசியைக் கடைப் பையனிடம் நீட்டி, "தம்பி, என் நம்பர் இதுதான், நீயே போட்டுவிடு" என்று நான்கு பேர் கேட்க இரகசிய எண்ணைச் சொல்லுகிறார். பணப்பையில் அன்றைய செலவுக்கான பணம் மட்டுமே இருந்தது. கைப்பேசிக்குள் வாழ்நாள் சேமிப்பும், மகளின் படங்களும், மருத்துவர் எழுதித் தந்த சீட்டும், பிறர் அறிய வேண்டாத குடும்பச் செய்திகளும் இருக்கின்றன. ஆகவே இம்மாதம் இப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சிந்திக்க விழைகிறோம்.

தொடங்குமுன் ஒன்று. இத்தகைய இழப்புக்கு ஆளானவர்களின் கதைகளை நாம் ஈண்டு எழுதப் போவதில்லை. ஒரு குருவிடம் நம்பிக் கூறப்பட்டது, பெயரை மாற்றி எழுதினாலும் ஊரில் யாரோ ஒருவருக்கு அடையாளம் தெரிந்துவிடும். தனிமையைக் காக்கச் சொல்லும் கட்டுரை பிறர் தனிமையைக் குலைத்து எழுதப்படலாகாது. அரசும் நீதிமன்றமும் காவல்துறையும் வெளியிட்ட செய்திகளே நமக்குப் போதுமானவை.

அங்காடியில் கவனிக்க வேண்டியவை

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்தியப் பிரதேச மாநிலத்துக் கஜுராஹோ என்னும் ஊரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. இரவு வேளையில் சிலர் வந்து, கடைகளின் வெளியே ஒட்டியிருந்த கட்ட அட்டைகளின்மேல் தம்முடைய அட்டைகளை ஒட்டிச் சென்றுவிட்டனர். மறுநாள் வாடிக்கையாளர் செலுத்திய பணமெல்லாம் கள்வரின் கணக்கிற்குப் போயிற்று. பணம் செலுத்தியவர் ஒருவர், திரையில் வேறொருவர் பெயர் தோன்றுவதைச் சுட்டிக் காட்டிய பின்னரே சூது வெளிப்பட்டது. ஒரு கணம் நின்று பெயரைப் படித்ததுதான் அங்கே கள்வனைக் காட்டிக்கொடுத்தது. பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நம் பங்கு மக்கள், இரவில் அட்டையை உள்ளே எடுத்து வைப்பதும், காலையில் தாமே ஒரு ரூபாய் செலுத்திப் பார்ப்பதும் பெரிய உழைப்பன்று. வாங்குவோரும் "அம்மா, உங்கள் பெயர் இதுதானே?" என்று கேட்டுவிட்டுச் செலுத்துவது இரு தரப்பாருக்கும் நன்மை.

இரகசிய எண்ணைப் பற்றி ஒரே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். பணம் கொடுப்பதற்கு மட்டுமே அந்த எண் தேவை. பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இக்கட்டத்தைப் படம் பிடித்து உங்கள் எண்ணைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் பொய்யன். வீட்டுப் பழைய கட்டிலையோ குளிர்பதனப் பெட்டியையோ விற்பதாய் விளம்பரம் செய்தவர் பலர் இவ்வாறே ஏமாந்தனர். அவர்கள் படிப்பறியாதவர் அல்லர். கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை எவரும் அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை.

வங்கி அட்டையைப் பொறுத்தமட்டில் நம் ஊரே பாடம் கற்றிருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் புதுவையில், பிறருடைய அட்டை விவரங்களைக் களவாடிப் போலி அட்டைகள் செய்து, அவற்றைக் கொண்டு பணம் எடுத்து வந்த ஒரு கும்பல் அகப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. காவலர் அவ்வழக்கை விசாரித்தனர். அட்டை உரியவரின் கையிலேயே இருக்க, பணம் மட்டும் மறைந்து போயிற்று. அட்டையின் உள்ளே பதிந்துள்ள விவரத்தையும், இரகசிய எண்ணையும் ஒருங்கே கவர்ந்தால்தான் இத்திருட்டு நிறைவேறும். ஆகவே எண்ணை அழுத்தும்போது மற்றொரு கையால் மறைத்துக்கொள்ளும் எளிய பழக்கமே பெருங்காவலாகும். அட்டையைத் தேய்ப்பதற்குக் கடைக்காரர் உள்ளறைக்கு எடுத்துச் செல்வதை அனுமதியாதீர்கள். கருவியை நம்மிடம் கொண்டுவரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆதார் அட்டையின் நகல் வேண்டுமென்றால் அதன் படத்தை ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, நகலைப் பெற்றுக்கொண்டு வந்துவிடுகிறோம். கையில் தாள் வந்தது. படமோ அக்கடையின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அக்கணினியை நாளை யார் திறப்பார், பழுதுபார்க்க எங்கே அனுப்புவார் என்பதை நாம் அறியோம். வேலை முடிந்ததும் "அழித்துவிடுங்கள்" என்று கேட்டு, அழிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது நம் உரிமை. மேலும் பன்னிரண்டு இலக்கங்களுள் கடைசி நான்கு மட்டுமே தெரியும்படியான ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளமே வழங்குகிறது. பல இடங்களில் அதுவே போதும். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. 2018-இல் தெலங்கானாவில், நிலப் பத்திரங்களில் பதிந்திருந்த கைரேகைகளைப் படியெடுத்து இரப்பர் அச்சுகள் செய்த ஒருவர் பிடிபட்டார் என்பதை நினைத்தால், அப்பூட்டின் அருமை விளங்கும். இரகசிய எண் களவு போனால் வேறு எண் வைத்துக்கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற எவராலும் இயலாது.

வீட்டுக்குள் நுழையும் குரல்

அங்காடியில் விழிப்பாய் இருப்பவரும் வீட்டில் தளர்ந்திருப்பது இயல்பு. பிற்பகல் உணவுக்குப் பின் பெரியவர்கள் தனித்திருக்கும் நேரமே கள்வருக்கு உகந்த நேரம். மணி ஒலிக்கிறது. காணொளியில் காவலர் உடை அணிந்த ஒருவர் தோன்றுகிறார். "உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் கணக்கில் கறுப்புப் பணம் வந்திருக்கிறது, நீங்கள் இப்போது கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களையும் கைது செய்வோம்." இப்படி ஒருவரை மணிக்கணக்காய், சில வேளை நாட்கணக்காய் அறைக்குள்ளேயே அடைத்து வைத்து, வைப்புத் தொகை முழுவதையும் மாற்றச் செய்கின்றனர். இதற்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர் வழங்குகிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைது இல்லவே இல்லை. 2024 அக்டோபர் 27-ஆம் நாள் பிரதமர் தம் வானொலி உரையில் இதைப் பற்றி நாட்டு மக்களை எச்சரித்தார். 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம், முதிய தம்பதியர் இவ்விதம் ஏமாற்றப்பட்ட செய்தியைத் தானே முன்வந்து வழக்காய் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இக்குற்றங்களை சி.பி.ஐ. புலனாய்வு செய்யுமாறு ஆணையிட்டது.

இக்குரல்களுக்குப் பின்னால் இருப்போர் யாவரும் தாமே விரும்பி வந்த கள்வர் அல்லர் என்பது வேதனையான உண்மை. கணினி வேலை, நல்ல ஊதியம் என்று ஆசை காட்டப்பட்டு, தாய்லாந்து வழியாக மியான்மர் எல்லைக்கும், கம்போடியாவுக்கும் கொண்டு செல்லப்பட்ட இந்திய இளைஞர் பலர், அங்கே அடைக்கப்பட்டு, அடித்து வதைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர். 2022-இல் அவ்வாறு சிக்கி மீண்டு வந்தவருள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். ஆகவே வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் மகன், சுற்றுலா அனுமதிச் சீட்டில் செல்வதாய்ச் சொன்னால் பெற்றோர் தடுத்து விசாரிக்க வேண்டும். நம் வங்கிக் கணக்கைச் சில நாட்களுக்குக் 'கடனாய்'க் கேட்டு, அதற்குக் கமிஷன் தருவதாய்ச் சொல்லும் நண்பனையும் கல்லூரிப் பிள்ளைகள் நம்பலாகாது. களவுப் பணம் கடந்து செல்லும் பாதையாய் அக்கணக்கு ஆகிவிடும். வழக்கு வரும்போது கணக்குக்கு உரியவரையே காவலர் தேடி வருவர்.

புதுவைக் குடும்பங்களுக்குத் தனியாய் ஒரு சொல். நம் வீடுகள் பலவற்றில் மகனோ மகளோ பேரனோ பிரான்சு நாட்டில் வாழ்கின்றனர். "அம்மா, என் பேசி தொலைந்துவிட்டது, இது புது எண், அவசரமாய்ப் பணம் வேண்டும்" என்று செய்தி வந்தால் தாயுள்ளம் பதறத்தான் செய்யும். இக்காலத்தில் ஒருவருடைய குரலைச் சிறிது நேரம் பதிவு செய்தாலே, அதே குரலில் பொய்யாய்ப் பேசவைக்கும் கணினி முறைகளும் வந்துவிட்டன. எனவே குரலைக் கேட்டோம் என்பது சான்றாகாது. பழைய எண்ணுக்கு நாமே அழைத்துப் பேச வேண்டும். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே வைத்துக்கொள்வதும் நன்று. பாட்டியின் ஊர்ப் பெயரோ, சிறுவயதில் வளர்த்த நாயின் பெயரோ போதும். அச்சொல்லைச் சொல்லாதவர் யாராயினும் பணம் அனுப்பலாகாது.

திருமண அழைப்பிதழ் என்றும், வாகன அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் சில கோப்புகள் உண்மையில் அழைப்பிதழ்கள் அல்ல. 'ஏ.பி.கே.' என்னும் எழுத்துகளில் முடியும் கோப்பைத் திறந்து நிறுவினால், நம் குறுஞ்செய்திகளையெல்லாம் படித்து அனுப்பும் ஒற்றன் ஒருவனைக் கைப்பேசிக்குள் குடிவைத்தவர் ஆவோம். வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணும் அவனுக்கே போய்ச் சேரும். நம் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்போர் நேரில் வருவர், அல்லது முன்னதாய்ப் பேசுவர். பேசாமல் வந்த அழைப்பிதழைத் திறக்க அவசரம் என்ன?

பணத்தினும் பெரிய உடைமை

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினோம். பணம் போனால் உழைத்து மீட்கலாம். போனால் மீளாத வேறு ஓர் உடைமை உண்டு. தன் வீட்டுக்குள் நிகழ்வது தன்னுடையது என்னும் உரிமை அது.

பெரிய மார்க்கெட்டை அடுத்துள்ள வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்சு துரையின் துபாசியாய் இருந்தவர். 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761 வரை அவர் நாட்குறிப்பு எழுதி வந்தார். கப்பல் வரவும் துரைமாரின் பேச்சும் ஊரார் வழக்குகளும் அதில் இடம்பெற்றன. அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழிந்தபின், 1846-இல் கால்லுவா மோம்பிரேன் என்பவர் அதைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். பின்னர் அது ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாய் வெளிவந்து உலகோர் கைக்குச் சென்றது. வரலாற்றுக்கு அது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேழைக்குள் இருந்த எழுத்து வெளியே வர அன்று எத்தனை தலைமுறைகள் ஆயின என்பதை எண்ணிப் பாருங்கள். இன்றோ மருமகளைப் பற்றிக் குடும்பக் குழுவில் கோபத்தோடு இட்ட ஒரு குறிப்பு, அன்று மாலைக்குள் சம்பந்தி வீட்டை அடைந்துவிடுகிறது. எழுதியவர் பிறகு அழித்தாலும், படம் பிடித்து வைத்தவரின் கைப்பேசியில் அது நிலைத்திருக்கும்.

இவ்வுரிமையை நீதிமன்றங்களும் படிப்படியாய் உணர்ந்தன. 1994-ஆம் ஆண்டில், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது பற்றி எழுந்த வழக்கில், உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்பாட்டை வகுத்தது. பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்று கூறிய அதே தீர்ப்பு, ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி முதலியவற்றைப் பற்றி அவர் இசைவின்றி வெளியிடுவது அவருடைய தனிமை உரிமையை மீறுவதாகும் என்றும் கூறியது. பொது ஆவணங்களில் உள்ள செய்திகளுக்கு அது விலக்கு அளித்தது. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனிமை உரிமை நம் அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. அதன் பின் 2023-இல் தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் அறிவிக்கப்பெற்றன. அவை படிப்படியாய் நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன.

பிரான்சு நாடு இவ்வழியில் முன்னரே நடந்தது. 1974-இல் அந்நாட்டு அரசு, குடிமக்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் பல அலுவலகங்களில் உள்ள விவரங்களை ஒரே எண்ணால் இணைக்க முயன்றது பத்திரிகை வாயிலாய் வெளிப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாய் 1978 ஜனவரி 6-ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்து, தனிப்பட்ட விவரங்களைக் கண்காணிக்கத் தனி ஆணையமும் ஏற்பட்டது. நம் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் 220-ஆம் விதி, பிறருடைய நற்பெயரைக் கெடுக்கவும், அவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையை மீறவும் எவருக்கும் இடமில்லை என்று கூறுகிறது. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காக்கத் தன் குருக்களைக் கட்டுப்படுத்தியிருக்கும் திருச்சபைக்கு இது புதிய சிந்தனை அன்று. ஆகவே பங்கு அலுவலகத்தில் உள்ள ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளையும், குடும்ப அட்டைகளையும், மக்களின் தொலைபேசி எண்களையும் பிறர் கைக்குப் போகாமல் காப்பது எம் போன்றோரின் கடமை. அன்பியக் குழுவில் ஒருவருடைய நோயைக் குறிப்பிட்டுச் செபிக்கக் கேட்கும்போதும், அவர் இசைவைப் பெற்றே கேட்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்லாமலும் செபிக்கலாம்.

பிள்ளைகளின் படங்கள்

புதுநன்மை வாங்கும் நாளில் வெண்ணிற உடையில் நிற்கும் மகளைப் படம் எடுக்காத பெற்றோர் இல்லை. எடுக்கட்டும், உறவினருக்குக் காட்டட்டும். ஆனால் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த நாள், படிக்கும் பள்ளி, வகுப்பு, வீட்டு வாசல் இவையனைத்தும் தெரியும்படி உலகம் முழுதுக்கும் திறந்த பக்கத்தில் இடுவது வேறு. முன்பின் அறியாத ஒருவன் பள்ளி வாசலில் நின்று, பெயர் சொல்லி அழைத்து, "உன் அப்பாதான் அனுப்பினார்" என்று சொல்வதற்கு வேண்டிய அனைத்தையும் நாமே கொடுத்தவர் ஆகிறோம். பிரான்சு நாடு 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் செய்து, பிள்ளைகளின் படத்தின்மீது அவர்களுக்குள்ள உரிமையைப் பெற்றோரே காக்க வேண்டும் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அப்பிள்ளைகளின் கருத்தையும் கேட்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. நாமும் பத்து வயதுப் பிள்ளையிடம், "இந்தப் படத்தைப் போடட்டுமா?" என்று கேட்டுப் பார்ப்போம். அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளை, நாளை பிறர் தன் படத்தைக் கேட்கும்போது மறுக்கக் கற்றுக்கொள்ளும்.

வளர்ந்த பிள்ளைகளின் இன்னல் வேறு வகையானது. இணையத்தில் நட்பாய்ப் பழகி, அந்தரங்கமான படம் ஒன்றைப் பெற்று, பின் "பணம் கொடு, இல்லையேல் உன் பெற்றோருக்கும் பள்ளிக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுவோர் உளர். உண்மைப் படமே இல்லாமல், முகத்தை மட்டும் எடுத்துப் பொய்ப்படம் செய்து மிரட்டுவோரும் உளர். இதில் ஆண்பிள்ளைகளும் தப்புவதில்லை. இத்தகைய வேளையில் பிள்ளை முதலில் அஞ்சுவது மிரட்டுபவனுக்கு அன்று. அப்பாவின் கோபத்திற்கும் அம்மாவின் கண்ணீருக்குமே. அவ்வச்சத்தையே கள்வன் தன் ஆயுதமாய்க் கொள்ளுகிறான். ஆகவே பெற்றோருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது: இன்றிரவே உணவு வேளையில், "உனக்கு எப்போதாவது இப்படி நேர்ந்தால் என்னிடம் சொல், நான் அடிக்கவும் மாட்டேன், கைப்பேசியைப் பிடுங்கவும் மாட்டேன், இருவரும் சேர்ந்து போராடுவோம்" என்று சொல்லி வையுங்கள். சொன்னபின் அச்சொல்லைக் காப்பாற்றுங்கள். இவ்வொரு வாக்குறுதி உயிரைக் காக்கவும் கூடும்.

மிரட்டியவனுக்குப் பணம் கொடுத்தால் அவன் நிற்பதில்லை, மீண்டும் கேட்பான். செய்திகளை அழிக்காமல் சான்றாய் வைத்துக்கொண்டு, தொடர்பைத் துண்டித்து, காவல்துறையிடம் செல்வதே முறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றி எடுப்பதையும் பரப்புவதையும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. பதினெட்டு வயது நிரம்பாதோர் என்றால் போக்சோ சட்டமும் துணைக்கு வரும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வெட்கம் கள்வனுக்குத் துணை

உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தபடி, 2024-ஆம் ஆண்டில் மட்டும் இணையக் களவினால் நம் நாட்டு மக்கள் இழந்ததாய்ப் பதிவான தொகை 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்திய ஆண்டில் அது 7,465 கோடி. இவை சொன்னவர்களின் கணக்கு மட்டுமே. "படித்தவன் ஏமாந்தான் என்று ஊர் சிரிக்குமே" என்று வாய்மூடி இருப்பவர்களின் இழப்பு இதில் சேரவில்லை.

இவ்வெட்கத்திற்குக் காரணம் இல்லை. பெரிய மார்க்கெட்டில் பை அறுக்கப்பட்டவரை நாம் கேலி செய்வதில்லை, "ஐயோ, எவ்வளவு போயிற்று?" என்று கேட்டு, காவல் நிலையம் வரை உடன் செல்லுகிறோம். இணையத்தில் ஏமாந்தவருக்கு மட்டும், "உனக்கு அறிவில்லையா?" என்று ஏன் கேட்க வேண்டும்? அக்கேள்விக்கு அஞ்சி அவர் இரண்டு நாள் தயங்கினால், அந்த இரண்டு நாளில் பணம் பத்துக் கணக்குகள் தாண்டிவிடும். உடனே சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க இயலும். வீட்டார் வாயடக்கம் காட்டினால் பணம் தப்பவும் கூடும்.

வீட்டில் ஒட்டி வைக்க வேண்டியவை

பணம் பறிபோனது தெரிந்த மறுகணமே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். விடியட்டும், வங்கி திறக்கட்டும் என்று காத்திராதீர்கள். 'சைபர் கிரைம்' என்னும் அரசு இணையதளத்திலும் முறையீடு பதியலாம். புதுவைக் காவல்துறையில் இதற்கெனத் தனிப் பிரிவும் உண்டு. அதனோடு வங்கிக்கும் தெரிவித்து, முறையீட்டு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறி, வாடிக்கையாளர் எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறாரோ அவ்வளவுக்கு அவர்மீது விழும் சுமை குறையும் என்பதை அடிப்படையாய்க் கொண்டது.

கைப்பேசிக்குத் திரைப்பூட்டு வையுங்கள். பிறந்த நாளையும் திருமண நாளையும் இரகசிய எண்ணாய் வைக்காதீர்கள், அவை ஊரறிந்தவை. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் 'இரண்டடுக்குச் சரிபார்ப்பு' என்று ஒன்று உண்டு. வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, பாட்டியின் கைப்பேசியிலும் தாத்தாவின் கைப்பேசியிலும் அதை இயக்கித் தரச் சொல்லுங்கள். நம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். நாம் வாங்காத எண் ஒன்று இருந்தால் அங்கேயே முறையிடலாம். தொலைந்த கைப்பேசியை முடக்கவும் அத்தளம் உதவும்.

பெரும் வைப்புத் தொகை உள்ள கணக்கையும், அன்றாடம் யூ.பி.ஐ. வழியே செலவழிக்கும் கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்வது நன்று. அங்காடிக்கு அன்றைய செலவுக்கு மட்டும் எடுத்துச் சென்ற நம் பாட்டிமாரின் வழக்கமே இது. கடைக்குள் நின்று கைப்பேசி எண்ணை உரக்கச் சொல்லும்படி கேட்டால், "பணம் கொடுத்துவிட்டேன், எண் எதற்கு?" என்று பணிவாய்க் கேளுங்கள். பொருள் வாங்குவதற்கு எண் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாய், அவசரப்படுத்தும் எக்குரலுக்கும் உடனே பணியாதிருங்கள். உண்மையான வங்கியும் உண்மையான காவல் நிலையமும் உண்மையான மகனும் பத்து நிமிடம் காத்திருப்பர். அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டிலுள்ள ஒருவரிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ, பங்குக் குருவிடமோ ஒரு சொல் பேசுங்கள். தனித்து வாழும் முதியோர் நம் பங்கில் பலர் உளர். அவர்கள் வீட்டிற்கு வரும் ஞாயிறு மாலை நம் இளைஞர்கள் இருவர் இருவராய்ச் சென்று, 1930 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டித் தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.